எச்சில் பித்தளை

மெகராஜ் பேகத்துக்கு அடுத்தவர் எச்சிலைக் கண்டால் ஆகாது. பெற்ற பிள்ளை கடித்துவிட்டு நீட்டும் பன்னைக்கூட வாங்கித் தின்ன மாட்டார். பஸ்ஸில் யாராவது விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கிழித்தால் அந்த டிக்கெட்டை ஓரம் பிடித்து வாங்குவார். அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் கல்லூரி ஓர் இசைக்குழுவின் எச்சிலைக் கழுவும் வேலைக்கு வைத்தது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ரோட்டிலிருந்து மலைப் பக்கமாக உள்ளே தள்ளி இருந்தது பரிபூரணம் அம்மாள் கல்லூரி. நான் கான்சாபுரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி இயற்பியல் படித்தேன். கல்லூரி இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தேன். கார்னெட், யூஃபோனியம் முதலான பித்தளைக் குழல்கள், கிளாரினெட், டிரம், பின்வரிசையில் நாலு வயலின் என்று முப்பத்திரண்டு பேர் கொண்ட பெரிய குழு அது. பல்கலைக்கழக விழாவில் இரண்டு முறை கோப்பை வாங்கியிருந்தோம். அந்தப் பெருமையில்தான் 1991இல் கருவிகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் அட்டெண்டர் போட்டார்கள். மெகராஜ் அக்கா வந்தார்.

அதற்கு முன்பு பதினோரு வருஷம் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருந்தவர். புண்ணில் கட்டுகிற துணியைப் பெரிய தொட்டியில் வேகவைத்து, வெளுத்து, அலசிக் காயப்போடுகிற இடத்தில் வேலை. வெளுப்புத் தூளின் நெடி நெஞ்சைப் பிடித்து இருமல் நிற்காமல் போனதால் அதை விட்டார். கணவர் ஹுமாயூன் மில்லில் ஷிப்ட் பார்த்தார். மூன்று பிள்ளைகள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று யாரோ சொன்னதை நம்பித்தான் அக்கா கல்லூரிக்கு வந்தார்.

முதல் நாளே எங்களுக்குப் பயிற்சி தந்த கண்ணுச்சாமி மாஸ்டர் ஒரு யூஃபோனியத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் சின்ன மூடியை அமுக்கிக் காட்டினார். அவர் போலீஸ் பேண்டில் இருபத்தைந்து வருஷம் வாசித்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த முதுகு, வெள்ளை மீசை. மூடி திறந்ததும் ஒரு கை தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"இது என்ன தண்ணி மாஸ்டர்?"

"தண்ணியா? எல்லாம் எச்சிதாம்மா. ஊத ஊத உள்ளுக்குள்ள சேரும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் சிரித்தோம். திரும்பி வந்தவர் ஒரு கார்னெட்டின் குழாயை உருவி, பேண்டேஜ் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தார். பச்சையாக, கொழகொழவென்று, நாலு வருஷத்து அழுக்கு வந்தது. வெளியே தங்கம் மாதிரி மினுங்குகிற பித்தளை அது. எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அதைத்தான் நாங்கள் தினமும் வாயில் வைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏலே, இதயா வாயில வச்சு ஊதுதீக? நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்லே," என்றார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. அருவருப்பு அவரை விட்டுப் போகவே இல்லை. அதனாலேயே அவரைப் போல் யாரும் அந்தக் கருவிகளைக் கழுவியிருக்க முடியாது.

1993 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோது, விடுதியில் ஒருவனுக்குக் காதுக்குக் கீழே கன்னம் வீங்கியது. அடுத்த வாரம் ஆறு பேருக்கு. பிறகு எண்ண முடியவில்லை. பொன்னுக்கு வீங்கி. விடுதிக் காப்பாளர் அதைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று சிரித்துத் தள்ளினார். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வடிந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா, பையன்கள் ஒரே சங்கிலியை இரவல் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் கழுத்து வேர்வையோடு அடுத்தவன் கழுத்துக்குப் போகும். வாயைத் திறக்க முடியாமல் கஞ்சி குடித்தவர்களின் டம்ளரையே மற்றவர்களும் தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துக் குடித்தோம்.

அதே சமயம் அக்காவின் மகள் மாஜிதாவுக்கும் வீங்கியது. ராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மா சொன்னதை மறுநாள் அக்கா இசை அறையில் வந்து அப்படியே சொன்னார்.

"மாஸ்டர், இது எச்சியில பரவுதாம். இருமுனா, தும்முனா, ஒரே டம்ளர்ல குடிச்சா வந்துரும். வீங்குறதுக்கு ரெண்டு நாள் முந்தியே அடுத்தவுகளுக்கு ஒட்டுமாம். சின்னப் பிள்ளைகளுக்கு வந்தா பரவாயில்ல, வயசுப் பையங்களுக்கு வந்தா வெதை வீங்கும், காதுகூடப் போயிரும்னு அந்தம்மா சொல்லுது. நாம என்னடான்னா எட்டு கார்னெட்ட வச்சுக்கிட்டுப் பதினோரு பேரு மாத்தி மாத்தி ஊதுதோம்."

மாஸ்டர் மீசையைத் தடவினார். "பிராக்டிஸ நிறுத்தச் சொல்லுதியா?"

"நிறுத்த வேண்டாம். நான் சொல்லுத மாதிரி நடத்துங்க."

மாஸ்டர் போலீஸ்காரர். சட்டம் என்றால் அவருக்குப் பிடிக்கும். சரி என்றார்.

அன்றிலிருந்து அறைக்குள் வாசிப்பு கிடையாது. விளையாட்டு மைதானத்து வேப்பமரங்களுக்கு அடியில் அக்கா சுண்ணாம்புப் பொடியால் முப்பத்திரண்டு வட்டம் போட்டார். கையை நீட்டினாலும் பக்கத்து ஆளைத் தொட முடியாத தூரம். ஊதுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு மவுத்பீஸ், அதாவது வாயில் வைக்கிற, கழற்றி மாட்டும் முனை. கார்னெட் கிடைக்காத மூன்று பேர் டிரம்முக்கும் ஜால்ராவுக்கும் போனார்கள். ஒவ்வொரு மவுத்பீஸுக்கும் பேண்டேஜ் துணியில் ஒரு பை தைத்து, மையால் பெயர் எழுதி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எச்சிலை வடிக்க ஆளுக்கொரு டப்பா. அதில் பாதி மணல், மேலே பிளீச்சிங் பவுடர். வாசித்து முடித்ததும் விறகு அடுப்பில் பெரிய போகணியை ஏற்றிப் பித்தளை மவுத்பீஸ்களை வேகவைப்பார். முதல் நாள் தெரியாமல் கிளாரினெட்டின் கருப்பு ரப்பர் மவுத்பீஸையும் போட்டுவிட்டார். அழுகிய முட்டை நாற்றம் மைதானம் முழுக்கப் பரவியது. கருப்பு பச்சையாக வெளுத்துப் போனது. அது என்னுடையதுதான். பிறகு கிளாரினெட்டுகளுக்குச் சோப்புத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் என்று மாற்றினார்.

தினமும் வாசிப்பதற்கு முன் வரிசையாக நிற்க வேண்டும். கையில் துணி சுற்றிக்கொண்டு எங்கள் தாடையை அமுக்கிப் பார்ப்பார். ஓர் எலுமிச்சைத் துண்டை எட்ட நின்று காட்டி, "வாயூறுதா? வலிக்குதா?" என்று கேட்பார். வலிக்கிறது என்று முகம் சுளித்தால் பத்து நாள் வீட்டுக்கு. எங்களில் பலருக்கு எரிச்சல். 'எச்சி அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்தோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

முணுமுணுக்காதவன் ஒருவன்தான், சோணைமுத்து. தேவதானத்துப் பையன். அப்பா வயலில் கூலி வேலை செய்தார். அவன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். மூன்றாவது கார்னெட் வாசித்தவன். தன் வட்டத்தை விட்டு ஓர் அடி நகர மாட்டான். தாகம் எடுத்தாலும் தன் டம்ளரைத் தேடிப் போய்த்தான் குடிப்பான். "அக்கா சொல்லுதது சரிதான மாப்ள," என்பான்.

விடுதியில் இருநூறு பேரில் எழுபது பேருக்குமேல் வீங்கியது. இசைக்குழுவில் முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேருக்குத்தான். அந்த ஐவரும் விடுதிக்காரர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டிக்கொண்டது, மைதானத்தில் அல்ல. சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளியே அக்காவின் சட்டம் செல்லாது. ஐவரில் முதல் கார்னெட் பால்சாமி ஒருவன். இன்னொருவன் நான். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் என் வலது கன்னம் வீங்கியது. அக்கா துணி சுற்றிய விரலால் தொட்டுப் பார்த்து, "கெளம்பு தம்பி. பத்து நாள் கழிச்சு வா," என்றார். கான்சாபுரத்துக்குப் போய் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆறாம் நாள் வீட்டு வாசலில் கல்லூரி ஜீப் வந்து நின்றது. பிப்ரவரி இருபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமை புதுக் கட்டடத் திறப்பு விழா. சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டண்ட் வைகுண்டராஜ் ஒத்திகையைப் பார்க்க வந்திருக்கிறார். முன்வரிசையில் ஐந்து வட்டம் காலியாக இருந்திருக்கிறது. போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்றாராம். அவ்வளவுதான் காரணம். எங்கள் வாசிப்பு வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. இடம் நிரம்ப வேண்டும்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். கன்னம் பாதிதான் வடிந்திருந்தது. ஜீப்பில் போகிற பெருமையில் ஏறி உட்கார்ந்தேன்.

கல்லூரியில் இறங்கியதும் ஆளுக்கொரு சிவப்பு வெல்வெட் மஃப்ளர் கொடுத்தார்கள். மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த ஊரில் பிப்ரவரி கடைசியில் மஃப்ளர் கட்டுகிறவன் ஒன்று காய்ச்சல்காரனாக இருப்பான், இல்லையென்றால் பைத்தியமாக இருப்பான். எங்கள் ஐவர் வீக்கம் தெரியக்கூடாது என்பதற்காக முப்பத்திரண்டு பேருக்கும் அது சீருடை.

இசை அறையில் வைகுண்டராஜ், மாஸ்டர், அக்கா மூவரும் நின்றிருந்தார்கள். நாங்கள் வாசலில் நின்றோம்.

"சாவியக் குடும்மா," என்றார் வைகுண்டராஜ்.

"சார், இந்த அஞ்சு பேருக்கும் இன்னும் நாள் ஆகல. பால்சாமிக்கு வீங்கி மூணு நாள்தான் ஆகுது. இவன ஊத விட்டா எல்லாருக்கும் ஒட்டும் சார்."

"அதான் வீக்கம் தெரியாம இருக்க மஃப்ளர் குடுத்தாச்சுல்ல?"

"மஃப்ளர் வீக்கத்த மறைக்கும் சார். எச்சிய மறைக்குமா?"

அவர் சிரித்தார். மாஸ்டரைப் பார்த்து, "பேண்டேஜ் கம்பெனியில இருந்து வந்தவுக டாக்டராயிட்டாக போல," என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நான் ஒரு தடவதான் கேப்பேன்."

அக்கா மாஸ்டரைப் பார்த்தார். ஒரு மாதமாகச் சட்டத்தைத் தன் சட்டமாகக் காத்த மனுஷர். ஒரு வார்த்தை சொல்வார் என்று நாங்களும்தான் எதிர்பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தபடி, "குடுத்துரும்மா. ஒரு நாள் விசேசம்தான?" என்றார்.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஹுமாயூன் அண்ணனின் மில்லில் அப்போது கதவடைப்பு.

ஒத்திகை வேப்பமரத்தடியில் நடக்கவில்லை. புது அரங்கத்துக்குள் வைத்தார்கள். பெயிண்ட் வாசனை, மூடிய கண்ணாடி ஜன்னல்கள், முழங்கையோடு முழங்கை இடிக்கும் நாற்காலிகள். மாஸ்டர் அலமாரியைத் திறந்து பைகளைக் கூடையோடு கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். அவசரத்தில் பைகளிலிருந்து மவுத்பீஸ்கள் உருண்டு ஒன்றோடு ஒன்று கலந்தன. துணிப் பைகள் காலடியில் மிதிபட்டன. ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்தோம். ஒரு தடவை ஓடியது. இடைவேளையில் கலர் சோடா பாட்டில்கள் வந்தன. நாலு பேருக்கு ஒரு பாட்டில். நானும் வாய் வைத்துக் குடித்தேன்.

இரண்டாம் தடவை தொடங்கும்போது சோணைமுத்து எழுந்து நின்றான். "மாஸ்டர், வச்சிட்டுப் போன என் மவுத்பீஸக் காணல."

மாஸ்டர் பால்சாமியின் கார்னெட்டிலிருந்து மவுத்பீஸைத் திருகி எடுத்தார். பால்சாமி வலி தாங்காமல் பாதியில் நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதன் விளிம்பில் எச்சில் நூலாக இழுபட்டது. மாஸ்டர் அதைத் தன் கால்சட்டையில் இரண்டு தடவை தேய்த்துச் சோணைமுத்துவிடம் நீட்டினார்.

வாசலில் நின்ற அக்கா பார்த்துவிட்டார். "மாஸ்டர்! அது பால்சாமிது மாஸ்டர்!"

"சும்மா இரும்மா. நேரம் ஆகுது."

"ஏலே சோண, வாயில வைக்காதலே!"

சோணைமுத்து அக்காவைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த வைகுண்டராஜைப் பார்த்தான். ஊதினான்.

அக்கா ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தார். உள்ளே எங்கள் வாசிப்புக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. பால்சாமி ஊதுவதுபோல் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், உப்பவைக்கத் தேவையே இல்லாத கன்னம். பெரிய மனிதர் எங்கள் அருகில் வந்து, மஃப்ளரைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப ஸ்மார்ட்டா இருக்கே, மிலிட்டரி மாதிரி," என்றார். வைகுண்டராஜ் குழைந்து நின்றார். போட்டோ எடுத்தார்கள். ஓர் இடம்கூடக் காலி இல்லை.

ஒத்திகை நடந்த பதினாறாம் நாள் முதல் ஆளுக்கு வீங்கியது. இருபதாம் நாளுக்குள் குழுவில் மேலும் பதினான்கு பேர் படுத்தார்கள். ஒரு மாதம் காத்த காவல் ஒரே மாலையில் போய்விட்டது. வயலின்காரன் ஒருவனுக்கு விதை வீங்கி, நடக்க முடியாமல் அழுதான். மற்றவர்கள் ஒருவழியாகத் தேறினார்கள்.

சோணைமுத்துவுக்குக் கன்னம் வீங்கிய நாலாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அறை சுற்றியது. இடது காதுக்குள் ஓயாமல் இரைச்சல் என்றான். இரண்டு நாளில் இரைச்சல் நின்றது. அதோடு அந்தக் காதில் எல்லாமே நின்றுவிட்டது. அவன் அம்மா இருளம்மாள் மதுரைக்குக் கூட்டிப் போனார். காது நரம்பு போய்விட்டது, திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவன் திரும்பி வந்து கார்னெட்டை எடுத்தான். பக்கத்தில் வாசிப்பவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்றே தெரியவில்லை அவனுக்கு. சத்தம் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்தது. சுருதி விலகுவது தெரியாமல் ஊதினான். பாதியில் வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு அறைப் பக்கம் வரவில்லை.

இருளம்மாள் கல்லூரிக்கு வந்து கேட்டார். சின்ன வயதிலிருந்தே பையனுக்குக் காதில் சீழ் வடியுமாமே என்று வைகுண்டராஜ் திருப்பிக் கேட்டார். அப்படி ஒன்றும் கிடையாது. யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து ஜோடித்தது. அந்த அம்மா, "என் பிள்ளைக்குச் சீழே வந்ததில்ல சாமி," என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மெகராஜ் அக்கா முதல்வர் அறைக்குள் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மூன்றாம் நாள் அவருக்கு ஒரு மெமோ வந்தது. இசைக் கருவிகளைச் சரிவரச் சுத்தம் செய்யாததால் மாணவர்களுக்கு நோய் பரவியது, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

அந்தக் காகிதத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். எச்சில் பட்ட டிக்கெட்டைப் பிடிப்பாரே, அதே மாதிரி.

"தம்பி, பதில் எழுதணும். நான் சொல்லுததை எழுதுறியா?"

எழுத உட்கார்ந்தேன். வட்டம் போட்டது, வேகவைத்தது, மஃப்ளர், கலர் பாட்டில், கால்சட்டையில் தேய்த்துக் கொடுத்தது எல்லாம் வரிசையாகச் சொன்னார். இரண்டு பக்கம் ஆனது. நான் படித்துக் காட்டினேன். ஐந்து பேரை ஜீப்பில் கூட்டிவந்தார்கள் என்ற இடத்தில் என் குரல் இறங்கியது. அக்கா கவனித்தாரா, தெரியாது. கேட்டு முடித்ததும் காகிதத்தை வாங்கிக் கிழித்தார்.

"இம்புட்டும் எதுக்கு? அவுகளுக்குத் தெரியாததா? ரெண்டு வரி எழுது போதும். 'நான் ஒழுங்காத்தான் கழுவுனேன். சாவியக் குடுத்தது மட்டும்தான் என் தப்பு. நாளையிலருந்து நான் வரல.'"

"அக்கா, சாவிய நீங்களா குடுத்தீங்க? அவரு மெரட்டி வாங்குனாரு."

"எடுத்து மேஜையில வச்சது என் கைதான? அத நெனச்சாத்தான் எல்லாத்தையும்விடக் குமட்டுது தம்பி."

கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். சத்திரப்பட்டியில் பழைய கம்பெனியிலேயே சேர்ந்தார். வெளுக்கிற இடம் ஒத்துக்கொள்ளாது என்பதால் பேண்டேஜ் சுற்றிப் பாக்கெட் போடுகிற பகுதியில் வைத்தார்கள். சோணைமுத்து தேர்வை எழுதினானே தவிர கல்லூரியில் அடுத்த வருஷம் சேரவில்லை. நான் படித்து முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டுட்டோரியலில் வாத்தியாரானேன்.

1997இல் டுட்டோரியலுக்கு முதலுதவிப் பெட்டி வாங்கச் சத்திரப்பட்டிக்குப் போனேன். கம்பெனி வாசலில் மெகராஜ் அக்காவைப் பார்த்தேன். நரை விழுந்திருந்தது. உள்ளே கூட்டிப்போய் ஸ்டூல் போட்டார். பேண்டேஜ் உருளைகளைச் சரிபார்த்துக்கொண்டே பேசினார். கண்ணுச்சாமி மாஸ்டர் தன் வீட்டுக்கு வந்த கதையை அப்போதுதான் சொன்னார்.

அது 1995ஆம் வருஷம் பங்குனி மாதம். மாஸ்டர் கல்லூரி வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாராம்.

"மெகராஜ், நான் செஞ்சது தப்புதாம்மா. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. ஒன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்கிட்ட எதுக்கு மாஸ்டர் சொல்லுதீக? எனக்கு ரெண்டு காதும் கேக்குது. சொல்ல வேண்டிய எடம் தேவதானம்."

"போகணும்மா. ஒரு நாள் போகணும்."

ஒரு நாள் என்றால் போகமாட்டார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்க, நானும் வாரேன்," என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். சேத்தூர் வழியாகத் தேவதானத்துக்குப் போனார்கள். வழி முழுக்க மாஸ்டர் என்ன சொல்வது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

இருளம்மாள் வீட்டு முன்னால் புளி தட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் நின்றபடியே சொன்னார். என் கையால்தான் கொடுத்தேன், என்னை மன்னிக்கணும் என்றார். கண் கலங்கியது. இருளம்மாள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லிட்டீக, சரி. அவன் தோப்புல இருந்து இப்ப வருவான். அவன்கிட்டச் சொல்லும்போது இந்தப் பக்கமா நின்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் நின்னா அவனுக்குக் கேக்காது."

சோணைமுத்து வந்தான். குத்தகைத் தென்னந்தோப்பில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் சிரித்தான். மாஸ்டர் வலப்பக்கமாகப் போய் நின்று மறுபடி முழுவதும் சொன்னார். அவன் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டான்.

"சரி மாஸ்டர்," என்றான். பிறகு, "அந்த மவுத்பீஸ இப்ப யாரு ஊதுதா?" என்று கேட்டான்.

"தெரியலப்பா. அங்கதான் யாராச்சும் ஊதிக்கிட்டு இருப்பாக."

"கழுவுதாகளா?"

இருளம்மாள் இருவருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் காற்று வந்தது. மாஸ்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கால்களை நீட்டி, பெரிதாக மூச்சு விட்டார்.

"இப்பதான் மனசு லேசாயிருச்சு மெகராஜ். நல்ல வேளை கூட்டிட்டு வந்த."

சேத்தூரில் பஸ் நின்றதும் அக்கா எழுந்து இறங்கிவிட்டார். மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்மா, இங்க எறங்குத?" என்று கத்தினார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார்.

"அவரு மூச்சு விட்டாரு பாரு தம்பி, அது என் மேல பட்டுச்சு. பக்கத்துல ஒக்காந்திருக்க முடியல. அந்தப் பையன் காத வச்சு அவரு நெஞ்சக் கழுவிக்கிட்டாரு. அதுக்கு நானும் கூடப் போயிருக்கேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கலர் பாட்டிலைப் பற்றி அவரிடம் சொன்னேன். டம்ளர் இல்லாததால் சோணைமுத்துவும் எனக்கு அடுத்ததாக அதில் குடித்தான். பால்சாமியின் மவுத்பீஸா, என் வாய் பட்ட பாட்டிலா, எது அவனுக்கு ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லி முடித்துவிட்டு, "நானும் ஒரு தடவ தேவதானம் போயிட்டு வரலாம்னு இருக்கேன்க்கா," என்றேன்.

அவர் கையிலிருந்த பேண்டேஜ் உருளையைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் சின்னக் கறை. அதைத் தனியே தள்ளி வைத்தார்.

"எதுக்கு? ஒனக்கு லேசாகவா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கம்பெனிச் சங்கு ஊதியது, சாப்பாட்டு நேரம். அவர் எழுந்து கை கழுவக் குழாயடிக்குப் போனார். நான் வாங்கிய பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தேவதானத்துக்கு இதுவரை போகவில்லை.